நன்னடத்தைச் சான்று

பஸ் வடமாலபேட்டையைத் தாண்டுவதற்குள் வெங்கடரமணன் தெலுங்குக்காரனாகிவிட வேண்டும். சட்டையில் குத்தியிருந்த ‘எல்லை மீட்போம்’ துணிப்பட்டையைக் கழற்றிப் பைக்குள் திணித்தான். பெயரின் கடைசி எழுத்தையும் ஜன்னல் வழியே உதறிவிட்டு, வெங்கடரமணா ஆனான்.

சென்னையில் சட்டம் படிக்கும் சித்தூர்ப் பையன். லண்டனில் பாரிஸ்டர் படிப்புக்கு இடம் கிடைத்த மாதிரிதான். பாக்கி இரண்டே சங்கதி: கப்பலுக்கும் படிப்புக்கும் பணம், ‘இவன் யோக்கியன்’ என்று இரண்டு பெரிய மனிதர்கள் எழுதித் தரும் நன்னடத்தைச் சான்று.

சனிக்கிழமைத் தபாலில் அது போகாவிட்டால் லண்டன் இல்லை. சித்தூர் கோர்ட்டு வேப்பமரத்தடியில் ஈ ஓட்டும் கறுப்புக் கோட்டுகளோடு தானும் போய் நிற்க வேண்டியதுதான்.

ஆந்திரா தனி ராஜ்யமாகி, எந்த ஊர் எந்தப் பக்கம் என்று அடிதடி நடந்துகொண்டிருந்த வருஷம் அது. அந்த வட்டாரத்தில் கையெழுத்துக்கு மதிப்பும் கையில் காசும் உள்ளவர்கள் இரண்டே பேர். புத்தூரில் தமிழ்க் கமிட்டித் தலைவர் நாராயணசாமி. திருப்பதியில் தெலுங்குக் கமிட்டித் தலைவர் கிருஷ்ணப்பா. இவர் ஆட்கள் ஊர்ப் பலகையில் தார் பூசினால், அவர் ஆட்கள் பூசினவன் மண்டையை உடைப்பார்கள். போன மாதம்கூடப் பதினோரு பேருக்குத் தையல்.

வெங்கடரமணனுக்கு இதில் ஒரு சங்கடமும் இல்லை. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு என்று வளர்ந்தவன். யாருக்கு எது வேண்டுமோ அதைக் கொடுத்துவிட்டுப் போகிறான், அவ்வளவுதானே!

முந்தின நாள் புதன்கிழமை, புத்தூரில் முதல் கச்சேரி ஜோராக முடிந்திருந்தது.

“ஐயா, நான் பாரிஸ்டராத் திரும்பி வந்தா மொத கேஸே நம்ம எல்லைக் கேஸ்தான். அந்தக் கிருஷ்ணப்பாலாம் ஒரு மனுசனா? தமிழன் ரத்தத்த உறிஞ்சற அட்டை! வுட்டா மலையவே முழுங்கிட்டு ஏப்பம் வுடுவான்!” என்று கண்ணீர் விட்டு அழுதான்.

நாராயணசாமி தொடையைத் தட்டிச் சிரித்தார். “கரெக்டா சொன்னே தம்பி! அவன் எல்லையக் காப்பாத்தற லட்சணம் தெரியாதா? மத்தியானம் மோர்ச் சோறு துன்னுட்டு நாலு மணி வரைக்கும் குறட்டை வுட்டுக்கினு கெடப்பான். எழுப்பினா பொண்டாட்டி மேல எரிஞ்சு வுழுவான்.”

“லெட்டருங்கய்யா...”

“லெட்டரும் உண்டு, பணமும் உண்டு. நாளைக்கு ஒரு விசேஷம், ஊர்ல இருக்க மாட்டேன். வெள்ளிக்கெழமை வந்து வாங்கிக்கினு போ.”

பையன் லேசுப்பட்டவனா? அந்தக் குறட்டைச் செய்தியையும் வீணாக்கவில்லை. இன்றைக்குத் திருப்பதியில் இறங்கி, வெயிலில் அலைந்து, நாலரை மணி அடித்த பிறகுதான் கிருஷ்ணப்பா வீட்டுப் படி ஏறினான்.

மனிதர் அப்போதுதான் முகம் கழுவிக்கொண்டு வந்து சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் மனைவி ரத்னம்மா காபி கொண்டுவந்து வைத்தாள். உள்ளே வீடு முழுக்க விருந்தாளிச் சத்தம்.

வெங்கடரமணா நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். எல்லைக் கேஸ், பாரிஸ்டர் பட்டம், கண்ணீர் எல்லாம் நேற்றைய சரக்குதான். பாஷை மட்டும் தெலுங்கு. நாம் தமிழிலேயே கேட்போம்.

“அந்தப் புத்தூர் நாராயணசாமியைப் பத்தி நீ என்ன நினைக்கிறே?” என்றார் கிருஷ்ணப்பா.

“அவனா? தமிழ் தமிழ்னு சொல்லி ஊரை ஏமாத்தற வேஷக்காரன்!”

கிருஷ்ணப்பா காதைக் கையால் குவித்துக்கொண்டார். “கட்டிகா செப்பு, பாபு. இந்தக் காது கொஞ்சம் மந்தம். சத்தமாச் சொல்லு.”

லண்டன் போக இவ்வளவு சுலபமான வழியா! வெங்கடரமணா எழுந்து நின்று, தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினான்.

“நாராயணசாமி ஒரு திருடன்! சோத்துக்கு வழியில்லாம கமிட்டி வச்சவன்! அவனைக் கழுதை மேல ஏத்தி எல்லை முழுக்க ஊர்வலம் விடணும்!”

“பலே! பலே!” கிருஷ்ணப்பாவுக்குச் சிரிப்பில் தொந்தி குலுங்கியது. பேனாவை எடுத்துத் திறந்தார். வெங்கடரமணாவுக்குக் கப்பலின் ஊதல் சத்தமே கேட்டுவிட்டது.

ஆனால் பேனா காகிதத்தைத் தொடவில்லை. கிருஷ்ணப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, உள் அறைப் பக்கம் கழுத்தைத் திருப்பினார். அதுவரை தமிழ் வாடையே படாதவர் போல இருந்த மனிதர், அப்பட்டமான புத்தூர்த் தமிழில் குரல் கொடுத்தார்.

“இன்னாய்யா, காதுல வுழுந்துதா?”

வாய் நிறைய அதிரசத்தோடு உள்ளேயிருந்து பதில் சொன்னார் நாராயணசாமி.

“வுழுந்துது சகலை! நேத்து உன்னத் திட்டனது இதவிட ஜாஸ்தி!”