சிவப்பு முகம்

எங்கள் மென்பொருள் அலுவலகத்தின் வாசலில் ஒரு சின்னக் கருவி உண்டு. வீட்டுக்குக் கிளம்பும்போது, அன்றைய நாள் எப்படிப் போனதென்று சிரிக்கும் பச்சை முகத்தையோ அழும் சிவப்பு முகத்தையோ அமுக்க வேண்டும். தினமும் ஐம்பத்தெட்டு பச்சை, ஒரே ஒரு சிவப்பு.

"நாம ஒரே குடும்பம். வருத்தத்தை வெளியில சொன்னாத்தானே தெரியும்?" என்று மேலாளர் வசுந்தரா எல்லோரையும் கூட்டிவைத்துக் கேட்டார்.

"சொன்னா வருத்தமும் போயிடும், வேலையும் போயிடும்" என்று என் காதருகே முணுமுணுத்தான் இர்ஃபான்.

அந்த ஒருவர் யாரென்று அறியும் ஆவலில் அன்று மாலை வாசல் சோபாவிலேயே உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் பச்சையை அமுக்கிவிட்டுப் போனார்கள். கடைசியாகத் துப்புரவு வேலை செய்யும் ஸ்டெல்லா அக்கா துணியோடு வந்து, சிவப்பு முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"அக்கா, அது நீங்கதானா!"

"பச்சை உங்க கை பட்டுப் பட்டே பளபளன்னு இருக்கும்மா. இதை யாரும் தொடறதில்ல, தூசி அப்பிடுது. ஐயோ, மேடம்கிட்ட சொல்லிடாதே, என்னை நிறுத்திடுவாங்க."

நான் சொல்லவில்லை. அக்காவும் அதைத் துடைப்பதை விட்டுவிட்டார். அந்த வாரம் முழுக்கச் சிவப்பே விழவில்லை. வெள்ளிக்கிழமை வசுந்தரா கண்கலங்கி கேக் வெட்டினார்.

கிளம்பும்போது குனிந்து பார்த்தேன். சிவப்பு முகத்தின் மேல் மெல்லிய தூசி. அதன் நடுவே, அமுக்காமல் தொட்டு மட்டும் எடுத்த ஒரு விரலின் தடம்.

"பச்சைதானே, அதுக்கு என்ன இவ்வளவு யோசனை? நகரு, பஸ் போயிடும்" என்றான் பின்னால் நின்ற இர்ஃபான். நான் திரும்பி அவன் விரல் நுனிகளைப் பார்த்தேன்.