இரண்டு முழம் பிலிம்

ஒட்டுப் போட்ட இடம் இன்னும் ஒரு நிமிஷத்தில் வந்துவிடும்.

சவரிராஜ் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மெஷினைப் பார்த்தபடி நின்றான். திரையில் பம்பாய் தொழிற்சாலை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. வரதராஜன்பேட்டை மாதா கோயில் மைதானத்தில் ஊரே மணலில் உட்கார்ந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

யுத்த காலம். ஊர் ஊராகப் படம் காட்டப் பிரசார வேன்கள் வந்துவிட்டன, மெஷின் ஓட்டத்தான் ஆள் இல்லை. அதனால் திருச்சிக் காலேஜில் இண்டர் படிக்கிற பையன்களில் சிலரைப் பொறுக்கி, கோடை லீவில் பழக்கினார்கள். ஆபரேட்டர் வேணுகோபால் இன்றைக்குத்தான் முதன்முதலாக மெஷினை முழுசாகச் சவரிராஜ் கையில் விட்டிருந்தார். அதுவும் அவன் சொந்த ஊரில். ஒழுங்காக ஓட்டினால் வேலை நிச்சயம்.

காலையில் வேன் வந்து நின்றதும் வீட்டுக்கு ஓடி, அண்ணி அமலோற்பவத்திடம் எல்லாவற்றையும் அளந்து தள்ளினான். பிலிம் அறுந்தால் இரண்டு முனையையும் பிளேடால் சுரண்ட வேண்டும், பசை தடவி அழுத்திப் பிடிக்க வேண்டும். நல்ல ஒட்டு என்றால் பார்க்கிறவர்களுக்குத் தெரியவே கூடாது. அண்ணி அடுப்பை அப்படியே விட்டுவிட்டுக் கேட்டாள். எல்லா ஊருக்கும் ஒரே படம்தானா என்றுகூடக் கேட்டாள்.

அந்த வீட்டில் அவன் பேச்சுக்குக் காது கொடுக்க அவள் ஒருத்திதான். அவனைக் காலேஜுக்கு அனுப்பச் சொல்லி மல்லுக்கு நின்றவளும் அவள்தான்.

அண்ணன் இருதயநாதன் பிட்டர் வேலை பழகப் பம்பாய்க்குப் போனவன், போனவன்தான். இவள் வாய்க்குப் பயந்துதான் என் பிள்ளை ஓடிப்போனான் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள். தேர்த் திருவிழா முடிந்ததும் மருமகளைப் பிறந்த ஊரான மீன்சுருட்டிக்கே அனுப்பிவிடப் போவதாக மாதா கோயில் சாமியாரிடமும் சொல்லி வைத்துவிட்டாள்.

அண்ணி எதிர்த்துப் பேசி அவன் பார்த்ததில்லை. அண்ணன் வருவான் என்று நம்பிக்கொண்டு இருக்கிறாள், பாவம் என்று நினைத்தான்.

மத்தியானம் பள்ளிக்கூட அறையைச் சாத்திக்கொண்டு, படத்தை ஒரு தடவை தனியாக ஓட்டிப் பார்த்தான்.

அண்ணன் வந்தான்.

திரையில், சிரித்துக்கொண்டு. மடியில் ஒரு குழந்தை. பக்கத்தில் ஒருத்தி சோறு போட்டுக்கொண்டிருந்தாள். வேலை முடிந்தால் மனைவி மக்களோடு மகிழ்ச்சி என்றது படத்தில் பேசுகிற குரல்.

அடப்பாவி! இதை ஊரோடு உட்கார்ந்து அண்ணியும் பார்க்கப் போகிறாளா?

ஆபரேட்டர் சாப்பிடப் போயிருந்தார். அண்ணன் வருகிற இடத்தை மட்டும் வெட்டி எடுத்தான். பூக்காரி மாதிரி முழங்கையில் அளந்தால் இரண்டு முழம்தான் இருக்கும். முனைகளைச் சுரண்டினான், ஒட்டினான். வெட்டிய துண்டைப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கொண்டுபோய்க் கொளுத்தினான். அது சுருண்டு சுருண்டு எரிந்தது. கவர்ன்மெண்ட் பிலிம், தெரிந்தால் வேலை போவதோடு நிற்காது.

இப்போது இருட்டில் தலைகளைத் தேடினான். முன்வரிசையில் அம்மா இருந்தாள். சினிமா பாவம் என்று அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காத அம்மா! ஒரு பக்கம் சாமியார், மறுபக்கம் உபதேசியார். எல்லோரையும் வருந்தி வருந்தி அழைத்து வந்து உட்கார வைத்தவள் அண்ணிதான். நான் மெஷின் ஓட்டுவதைக் காட்டத்தான் இத்தனையும் என்று அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

தொழிற்சாலை வாசலிலிருந்து ஆட்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள்.

ஒலிபெருக்கியில் சின்னதாக ஒரு 'டப்'.

ஆகாய விமானம் பறந்தது. பையன்கள் கைதட்டினார்கள். ஆபரேட்டர் கொட்டாவி விட்டார்.

சவரிராஜுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

படம் முடிந்து விளக்குப் போட்டதும் அம்மாவின் குரல்தான் முதலில் எழுந்தது.

“எங்கடி காட்டு! மீன்சுருட்டில இந்தப் படத்துல பாத்தேன், பொண்டாட்டி புள்ளையோட உக்காந்திருந்தாருன்னு சொன்னியே, எங்க? எம்புள்ள மேல அபாண்டம் சொல்றா சாமி!”

அவன் கை மெஷின் மேல் அப்படியே நின்றுவிட்டது.

அண்ணிக்கு முன்பே தெரியும். சொல்லிப் பார்த்திருக்கிறாள், யாரும் நம்பவில்லை. கண்ணால் பார்க்கட்டும் என்றுதான் இத்தனை பேரையும் கூட்டி வந்திருக்கிறாள். கொழுந்தனிடம் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

சாமியார் மெஷின் அருகில் வந்தார். பின்னால் அம்மா, அவளுக்கும் பின்னால் அண்ணி. ஆபரேட்டர் சவரிராஜின் தோளில் கை போட்டிருந்தார். பையன் தேறிவிட்டான் என்று அப்போதுதான் சொல்லி முடித்திருந்தார்.

“படத்துல உங்க அண்ணன் வந்தானாப்பா?” என்று கேட்டார் சாமியார்.

அண்ணி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோளில் ஆபரேட்டரின் கை கனத்தது.

“வரலீங்க சாமி.”

சொன்னது பொய்கூட இல்லை.

விடிந்ததும் மூட்டையைக் கட்டு என்று மருமகளிடம் சொல்லிவிட்டு, அம்மா முந்தானையை உதறிக்கொண்டு நடந்தாள். சாமியாரும் தலையை ஆட்டியபடி போய்விட்டார். ஆபரேட்டர் வேனுக்குள் ஏறினார்.

அண்ணி அழவில்லை. பக்கத்தில் வந்து, சுற்றி வைத்த பிலிமைப் பார்த்தாள். பிறகு அவன் விரல்களைப் பார்த்தாள். பசை காய்ந்து வெள்ளையாக உரிந்துகொண்டிருந்தது.

“ஒட்டு தெரியவே இல்ல, தம்பி” என்றாள்.