இரண்டு உதறல்

தணிகாசலம் நான்காவது முறையாகத் தும்மியதும், "இன்னிக்கு ஓட்டம் கிடையாது," என்று வாசலில் கிடந்த ஷூ தன் நாடாவைத் தளர்த்திக்கொண்டது.

அவர் தெர்மாமீட்டரை நாக்குக்கு அடியில் வைத்துப் பார்த்தார்.

"நூத்திரெண்டு," என்றது அது. "கஞ்சி குடிச்சுட்டுப் படுங்க சார்."

அவர் முகம் சுருங்கியது. அதை ஓங்கி ஓங்கி உதறினார். பாதரசம் அடிவரை இறங்கிவிட்டது. வாயில் வைக்காமலே மறுபடி பார்த்தார்.

"தொண்ணூத்தஞ்சு. காய்ச்சலே இல்லை."

ஷூவுக்குப் பொறுக்கவில்லை. "அநியாயமா இருக்கே. நீ உண்மையைச் சொல்ல வேண்டாமா?"

"சொன்னதுக்குத்தானே உதறினார்," என்றது தெர்மாமீட்டர், தலைசுற்றல் தீராமல்.

"அப்ப நான் அவரையே கேக்கறேன்," என்று ஷூ வாயைத் திறந்தது.

ஓடக் கிளம்பி காலை நுழைக்குமுன், உள்ளே பூச்சி இருக்குமோ என்று அவர் அதையும் தூக்கி உதறினார்.