சிவக்கும் மூலை

"மூணாவது முறையும் தோண்டியாச்சு பாய். காலையில வந்து பாத்தா மண்ணு மறுபடியும் செவப்பு," என்றான் ஜெயகரன்.

ஆம்பூரில் பழைய தோல் பதனிடும் ஷாப்பை இடித்து, கெட்டுப்போன மண்ணை அள்ளி அப்புறப்படுத்தும் வேலைக்கு அவன்தான் சூப்பர்வைசர். முதல் சுண்ணாம்புக் குழி இருந்த மூலை அவனைப் பாடாய்ப் படுத்தியது.

முதலாளி ஆபித் பாஷா மதிலுக்கு அப்பால் இருந்த கிணற்றைப் பார்த்தார். "விஷம் அடியிலேர்ந்து ஏறுதுன்னா, தெருவே குடிக்கிற கிணத்த மூடணும்பா."

மண் சுமக்கும் பச்சையம்மா கூடையை இறக்கினாள். "அந்த மூலையவே ஏன் சார் போட்டுத் தோண்டறீங்க? தெனம் நீங்க வர்றதுக்கு முன்னால நான்தான் அங்க ஒரு சொம்பு மஞ்சத்தண்ணி ஊத்தறேன். பழைய குழி, ஆளுங்களுக்கு ஒண்ணும் ஆவக் கூடாதில்ல."

"மஞ்சத்தண்ணி எப்படிம்மா செவக்கும்?"

"சுண்ணாம்பு சேந்தா செவக்காதா? ஆரத்தி கரைக்கிறத நீங்க பாத்ததே இல்லியா?"

பாஷா சிரித்தேவிட்டார். ஜெயகரனுக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படியென்றால் மண்ணில் இன்னும் சுண்ணாம்பு இருக்கிறது. அன்றைக்கே இன்னும் இரண்டடி தோண்ட வைத்தான்.

மறுநாள் காலை அவனே அவளைக் கூப்பிட்டான். "ஊத்தும்மா."

மூவரும் குனிந்து பார்த்தபடி நின்றார்கள். வெகுநேரமாகியும் தண்ணீர் மஞ்சளாகவே கிடந்தது.

"கிணறு பொழச்சுது," என்று பெருமூச்சு விட்டார் பாஷா.

ஜெயகரன் பச்சையம்மாவிடம் திரும்பினான். "இன்னும் ஏழு சுண்ணாம்புக் குழி தோண்ட வேண்டியிருக்கு. நாளையிலேர்ந்து சொம்பு பத்தாதும்மா, குடத்துல கொண்டா."