இரண்டு கை டாட்டா

விழுப்புரம் தாண்டியதும் மூன்று வயது மகிழினி சிணுங்கத் தொடங்கினாள். குணசீலன் அவள் பக்கத்து ஜன்னல்திரையில் 'டாட்டா' செயலியைப் போட்டுவிட்டான். சாலையோரம் சும்மா நிற்கிற எல்லாரும் சிரித்து, ஒற்றைக் கையை ஆட்டுவதாக அது மாற்றிக் காட்டும்; ஏற்கெனவே கையை ஆட்டுபவர்களுக்குச் சிரிப்பை மட்டும் ஒட்டும். கார் தானே ஓடியது. அவனும் மனைவி ரெஜினாவும் தூங்கிப்போனார்கள்.

சுங்கச்சாவடியில்தான் விழித்தார்கள்.

"அப்பா, ஒரு ஸ்கூட்டர் ரோட்டுல படுத்துத் தூங்குச்சு. பக்கத்துல ஒரு அக்கா ரெண்டு கையாலயும் டாட்டா காட்டிச் சிரிச்சாங்க. நானும் காட்டினேன்."

ரெஜினாவின் முகம் வெளிறியது. "வண்டியத் திருப்பச் சொல்லுங்க."

"இந்நேரம் வேற யாராவது நிறுத்தியிருப்பாங்க" என்றான் குணசீலன், மகளின் முகத்தைப் பார்க்காமல்.

பக்கத்து வரிசைகளில் கார்கள் நின்றிருந்தன. ஒவ்வொரு பின்ஜன்னலிலும் ஒரு குழந்தை அவனைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தது. பெரியவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.