மூன்று மூலைக் காணி

"மூன்று மூலைக் காணிக்கு உறுதியிலை நாலு எல்லை எப்பிடி எழுதுறனீங்கள்?" என்று நோர்மன் மனைவியிடம் கேட்டான்.

காணி உறுதிப் பத்திரம் எழுதும் நொத்தாரிசிடம் தட்டச்சு வேலை செய்யும் பொன்மலர் திடுக்கிட்டாள். உரும்பிராயில் அவளுடைய சீதனக் காணிக்கும் மூன்றே மூலை.

"என்ரை காணியை விக்கப் போறியளோ?"

"முதல் சொல்லுமன்."

"வடக்கும் மார்க்கண்டு, கிழக்கும் மார்க்கண்டு எண்டு ஒரே அயலவனை இரண்டு தரம் அடிப்பன். நாலும் நிரம்பீடும். காணி மூன்று மூலையாவே கிடக்கும்."

பொறியியலாளனான நோர்மன், சிறு துண்டுகளாகக் கோடு போட்ட தண்ணீர்த் தாங்கிப் படத்தை விரித்தான்.

"இது பாரம் தாங்குமோ எண்டு பாக்கிற கொம்பியூட்டர் நாலு மூலைத் துண்டைத்தான் எடுக்குது. மூன்று மூலைத் துண்டுகளாலை ஒரு மாதமா முழிக்கிறன்."

மறுநாள் அந்தத் துண்டுகளுக்கு நாலு மூலை இலக்கம் கேட்ட இடத்தில் ஒரு மூலையின் இலக்கத்தையே இரண்டு தரம் கொடுத்தான். கொம்பியூட்டர் மறுக்காமல் எடுத்துக்கொண்டது.

"அப்ப காணி?" என்றாள் பொன்மலர்.

"எனக்குப் படிப்பிச்ச காணியை ஆரப்பா விப்பான்?"