புதுக் கம்பிக்கு வைத்த பரீட்சை

கிதாரில் மெல்லிய கம்பி அறுந்துபோனதால், அந்த இடத்தில் மட்டும் புதிது ஒன்று வந்தது. முறுக்கிய கொஞ்ச நேரத்திலேயே அது தளர்ந்து சுருதி இறங்கியது. வாசிப்பவர் மறுபடி முறுக்கினார். மறுபடியும் இறங்கியது.

"ஏம்மா, ஒரு இடத்துல நிக்கவே தெரியாதா உனக்கு?" என்றது தடித்த பழைய கம்பி.

"நிக்கத்தான் பாக்கிறேன் அண்ணே, பிடி கிடைக்கல. என்னைக் கழட்டிடுவாரோ?"

"கழட்டட்டும். நாங்க அஞ்சு பேரும் இத்தனை வருஷமா அசையாம நிக்கலையா?" என்ற பழைய கம்பி, மற்ற நான்கிடமும் சொன்னது: "எல்லாரும் நீளமா ஒலிப்போம். யார் சரியில்லைன்னு அவர் காதுக்கே தெரியட்டும்."

விரல் பட்டதும் ஐந்தும் மூச்சைப் பிடித்து ஒலித்தன. புதிது நடுங்கியபடி ஒலித்தது. அவர் நிறுத்தினார். காதைச் சாய்த்து, ஒவ்வொன்றாக மீட்டிப் பார்த்தார். துருவேறிய ஐந்தும் மந்தமாக முனகி ஓய்ந்தன. புதிதின் ஒலி அறை முழுதும் பரவியது.

அவர் கடைக்குப் போய் ஐந்து புதுக் கம்பிகளோடு வந்து, தடித்த கம்பியின் முறுக்காணியைத் தளர்த்தினார்.

"ஆள் மாறிப்போச்சு! நானில்லை, அவதான்!" என்று கத்தப் பார்த்தது பழைய கம்பி. தளர்ந்த கம்பியில் குரல் எழும்பவில்லை.